இல்லாத முகவரியிலிருந்து வந்த பதில்: ஒரு கும்பகோணத்து வீட்டுக்கு டிஎன்எஸ் தேர்ந்தெடுத்த கதை

அக்கா போனில் சொன்ன புகார் ஒரே வரிதான். “நெட் நிக்குதுடா, அப்புறம் திடீர்னு ஓடுது.” நெட்வொர்க் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட மோசமான புகார் கிடையாது. அடியோடு ஓடாத நெட்டைச் சரிசெய்துவிடலாம். நின்று நின்று ஓடுவதைப் பிடிப்பதுதான் பாடு.

வீடு கும்பகோணத்தில். அக்கா, பாத்திரக்கடை வைத்திருக்கும் அத்தான், அத்தானின் அம்மா, இன்ஜினியரிங் படிக்கும் மருமகன், எட்டாம் வகுப்புப் பெண். உள்ளூர் கேபிள்காரர் மூலம் எடுத்த 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அத்தான் அந்தக் கேபிள்காரரைத் தினமும் டீக்கடையில் பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு போன், மருமகனின் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப், பழைய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்று. தொல்லை வருவது ராத்திரி ஏழிலிருந்து பத்துக்குள். கஸ்டமர் கேரில் கேட்டால், “ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்க சார், நூறு வருதுல்ல?” என்கிறார்கள். வருகிறது. அதுதான் வேடிக்கை.

தீபாவளிக்குப் போனபோது உட்கார்ந்து பார்த்தேன். லிங்க்கைத் தட்டினால் வெள்ளைப் பக்கம். மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு... ஐந்தில் பக்கம் முழுசாக, ஒரே பாய்ச்சலில் வந்து விழுந்தது. இன்னொரு தளம், மறுபடி ஐந்து. மூன்றாவது தளம் உடனே. நாலாவது, ஐந்து. நெரிசலால் நெட் மெதுவானால் பக்கம் சொட்டுச் சொட்டாக வரும், படம் பாதி தெரியும். அப்படியில்லாமல் சரியாக ஐந்து நொடி ஒன்றுமே நடக்காமல் இருந்து, பிறகு எல்லாம் ஒன்றாக வந்தால் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான் போக வேண்டும். பதில் வராவிட்டால் 5 நொடி பொறுத்து மறுபடி கேட்பது லினக்ஸ் உலகின் பழைய வழக்கம். ஆண்ட்ராய்டும் அதே வம்சம்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணை, அதாவது ஐபி முகவரியை, தருவது. பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தார். அன்று முதல் இன்றுவரை பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்வி 53-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான வாசல் எண்), யுடிபி என்ற எளிய அனுப்பு முறையில், எந்த மூடுதலும் இல்லாமல் தபால் அட்டை மாதிரிதான் போகிறது. வழியில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதைவிட முக்கியம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

லேப்டாப்பில் ‘டிக்’ கட்டளையை வைத்து ஆபரேட்டரின் டிஎன்எஸ் சர்வரிடம் நூறு வெவ்வேறு பெயர்களைக் கேட்டேன். ராத்திரி எட்டரைக்குப் பதினோரு கேள்விக்குப் பதிலே இல்லை. மறுநாள் காலை ஆறுக்கு அதே நூறும் சுத்தமாக வந்தன. சரி, நோய் தெரிந்துவிட்டது, கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். எல்லோரும் நினைப்பதுதான். ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் பாஸ்வேர்டை கேபிள்காரரின் பையனிடம் வாங்கி, வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பக்கத்தில் கூகுளின் 8.8.8.8, 8.8.4.4 இரண்டையும் எழுதிவிட்டு, எல்லாச் சாதனங்களையும் ஒருமுறை வைஃபையிலிருந்து கழற்றி மாட்டச் சொன்னேன்.

அன்று ராத்திரி போன்கள் நாலும் பிரமாதமாக ஓடின. அக்கா சந்தோஷமாகிவிட்டாள். மருமகன் மட்டும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். “மாமா, எனக்கு அப்படியேதான் இருக்கு.” டிவி பெட்டியிலும் அப்படியேதான்.

ஒரே வீடு, ஒரே வைஃபை, ஒரே 8.8.8.8. போனுக்குச் சரி, லேப்டாப்புக்கு இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் உறைத்தது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு, அது தானியங்கி நிலையில்தான் வரும். கொடுக்கப்பட்ட டிஎன்எஸ் சர்வர் 853-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி மூடி, பேசுமா என்று போன் சத்தமில்லாமல் சோதித்துப் பார்க்கும். பேசினால் அதன் வழியாகவே போகும். 8.8.8.8 பேசும். ஆக நாலு போனும் 853 வழியாக உண்மையான கூகுளிடம் போயின. லேப்டாப்பும் டிவியும் பழைய 53-ஆம் போர்ட்டில் போயின. 53-இல் போனவை கூகுளை அடையவே இல்லையோ?

இதை உறுதி செய்ய ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. 192.0.2.1 என்ற முகவரியில் உலகில் எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது. 192.0.2 என்று தொடங்கும் அந்தத் தொகுதி முழுவதும் பாடப் புத்தகங்களிலும் ஆவணங்களிலும் உதாரணம் காட்டுவதற்காகவே ஒதுக்கப்பட்டது. அந்த முகவரியிடம் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி, “இதற்கு எண் என்ன?” என்று கேட்டேன். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. நியாயமாகப் பதிலே வரக்கூடாது.

3 மில்லிநொடியில் பதில் வந்தது. சரியான பதில்.

மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “மாமா, இல்லாத சர்வர் எப்படி பதில் சொல்லுது?” சொன்னது அதுவல்ல. வீட்டிலிருந்து 53-ஆம் போர்ட்டுக்குப் போகும் எந்தக் கேள்வியையும், எந்த முகவரிக்குப் போனாலும், ஆபரேட்டர் வழியில் மடக்கித் தன் சர்வரிடமே கொடுத்து, கேட்கப்பட்ட முகவரியே பதில் சொன்னது போல உறை மாற்றித் திருப்பி அனுப்புகிறார். நான் 8.8.8.8 என்று எழுதினாலும் இன்னொரு பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1 என்று எழுதினாலும், கடைசியில் கேட்பது அதே ராத்திரி எட்டரை மணிக்கு மூச்சுத் திணறும் சர்வரிடம்தான். “எந்த டிஎன்எஸ் வேகமானது” என்று அளந்து பட்டியல் போடுகிறவர்களில் எத்தனை பேர் ஒரே சர்வரையே ஐந்து பெயரில் அளந்திருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன். எல்லாச் சேவையும் 3 மில்லிநொடி என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள்.

ஆகவே தேர்வின் முதல் நிபந்தனை தானாகவே முடிவாகிவிட்டது. மறையாக்கம் இல்லாமல் எதைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. 853 வழியாகப் போகும் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் 2016-இல் தரநிலையானது, 443 வழியாக வெப் போக்குவரத்தோடு கலந்து போகும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் 2018-இல். ஆபரேட்டர் 853-ஐத் தொடவில்லை என்பது போன்கள் ஓடியதிலேயே தெரிந்துவிட்டதால் முதலாவதே போதும். அவர் கொடுத்த ஓஎன்டிக்கு அது தெரியாது. என்னிடம் சும்மா கிடந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் போட்டு, ஓஎன்டிக்குப் பின்னால் மாட்டி, ‘ஸ்டப்பி’ என்ற சின்ன நிரலை நிறுவினேன். வீட்டுச் சாதனங்கள் ரவுட்டரிடம் சாதாரணமாகக் கேட்கும், ரவுட்டர் வெளியே மறையாக்கத்தோடு கேட்கும்.

இனி யாரிடம் கேட்பது?

கூகுளின் சேவை 2009 டிசம்பரில் வந்தது, இவற்றில் மூத்தவற்றில் ஒன்று. கேட்டவரின் முகவரியோடு கூடிய தற்காலிகப் பதிவை 24 முதல் 48 மணி நேரத்தில் அழிப்பதாகச் சொல்கிறது. தீங்கான தளங்களைத் தடுப்பது அதன் வேலையில்லை. கிளவுட்ஃபிளேர் தன் 1.1.1.1-ஐ 2018 ஏப்ரல் 1-இல், முட்டாள்கள் தினத்தன்று, அறிவித்தது. நாலு ஒன்று என்பதால் நாலாம் மாதம் ஒன்றாம் தேதி. அதன் 1.1.1.2 தீம்பொருள் தளங்களைத் தடுக்கும், 1.1.1.3 ஆபாசத்தையும் சேர்த்துத் தடுக்கும். குவாட்9 2017 நவம்பரில் ஐபிஎம், பாக்கெட் கிளியரிங் ஹவுஸ், குளோபல் சைபர் அலையன்ஸ் மூவரும் சேர்ந்து தொடங்கியது. லாபநோக்கில்லாத அமைப்பு, 2021-இல் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது, கேட்பவரின் ஐபி முகவரியைச் சேமிப்பதில்லை என்பது அதன் கொள்கை. ஓப்பன்டிஎன்எஸ் இவர்கள் எல்லோருக்கும் முன்பே இருந்தது, 2015-இல் சிஸ்கோ வாங்கியது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, குறை ஒன்றும் இல்லை, மூன்றை அளக்கவே ஒரு ராத்திரி போய்விட்டது.

விளம்பரத்தையும் தடுக்கும் ஆட்கார்டு போன்றவற்றை மருமகன் கேட்டான். வேண்டாமென்றேன். விளம்பரம் தடுக்கப்பட்டால் ஏதாவது ஒரு ஆப் அரைகுறையாக நிற்கும், அக்காவுக்கு அது ஏன் என்று தெரியாது, எனக்குப் போன் வரும். குடும்பத்துக்கு டிஎன்எஸ் அமைப்பவர் தன்னுடைய போன் மணியையும் கணக்கில் வைக்க வேண்டும். பெண்ணுக்காக 1.1.1.3 போடலாமா என்று அக்கா கேட்டாள். வைஃபையை அணைத்தால் மொபைல் டேட்டா இருக்கிறதே. அதை வடிகட்டி என்று நம்பிக்கொண்டு பிள்ளையோடு பேசாமல் இருந்துவிடுவாள் என்பதுதான் என் பயம், அதை அவளிடமே சொன்னேன்.

ஆனால் தீம்பொருள் தடுப்பு கட்டாயம் வேண்டும் என்று நினைத்தேன். காரணம் அத்தானின் அம்மா. வாட்ஸ்ஆப்பில் வரும் எதையும் அவர் தொடாமல் விடுவதில்லை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு), “இன்றிரவு உங்கள் கரண்ட் கட் செய்யப்படும்” என்று வரும் போலி ஈபி செய்தி, போக்குவரத்து அபராத லிங்க், இதெல்லாம் இன்று எல்லா வீட்டுக்கும் வருகிறது. டிஎன்எஸ் தடுப்பு இதற்கு முழு மருந்தில்லை. ஏபிகே வாட்ஸ்ஆப்புக்குள்ளேயே வந்துவிட்டால் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது. அது நிறுவப்பட்டு, திருடியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பெயரைத் தேடும்போது, அந்தப் பெயர் ஏற்கனவே பட்டியலில் இருந்தால் மட்டும் மாட்டும். கொசுவலை மாதிரி. ஓட்டை இருக்கும், ஆனாலும் கட்டிக்கொண்டு படுப்போம்.

வேகத்துக்கு வருகிறேன். கிளவுட்ஃபிளேரின் சர்வரிடம் ‘ஐடி.சர்வர்’ என்ற பெயரை ‘கேயாஸ்’ வகையில் கேட்டால், பதில் சொல்லும் மையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை விமான நிலையக் குறியீடாகச் சொல்லும். மறையாக்கத்தோடு கேட்டபோது ‘எம்ஏஏ’ என்று வந்தது. மெட்ராஸ். ஊர் பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் விமான நிலையம் இன்னும் அந்தப் பெயரிலேயே பதில் சொல்கிறது. 9 மில்லிநொடி. கூகுள் அதற்குப் பக்கத்தில். குவாட்9 இந்த இணைப்பிலிருந்து 34. இதை வைத்து முடிவெடுத்திருந்தால் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரவுட்டர் ஒரு பெயருக்கான பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். வீட்டில் யாரோ ஒருவர் முதலில் கேட்கும்போது மட்டும் அந்த 25 மில்லிநொடி வித்தியாசம். கண் சிமிட்டுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். 5 நொடி காத்திருந்த வீட்டில் 25 மில்லிநொடிக்குப் பஞ்சாயத்து வைப்பதில் அர்த்தமில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. வீடியோவும் கிரிக்கெட் நேரலையும் ஒரே சர்வரிலிருந்து வருவதில்லை. ஊர் ஊராக நகல் வைத்திருக்கிறார்கள். எந்த நகலுக்கு நம்மை அனுப்புவது என்பதைப் பல சேவைகள் டிஎன்எஸ் பதில் மூலமாகவே தீர்மானிக்கின்றன. அவர்களுக்குத் தெரிவது கேள்வி கேட்ட டிஎன்எஸ் சர்வரின் இடம்தான், நம்முடைய வீடு அல்ல. ஆபரேட்டரின் டிஎன்எஸ் கேட்டால் ஆபரேட்டரின் வலைக்குள்ளேயே இருக்கும் நகலைக் கொடுப்பார்கள். வெளியிலிருந்து ஒரு பொது டிஎன்எஸ் கேட்டால் அந்த நகல் இருப்பதே நினைவுக்கு வராமல் போகலாம். இதற்காகத்தான் இசிஎஸ் என்ற நீட்டிப்பு வந்தது. கேட்பவரின் ஐபி முகவரியில் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, மீதியைக் கேள்வியோடு சேர்த்து அனுப்புவது. தெருப் பெயரைச் சொல்லிக் கதவு எண்ணைச் சொல்லாமல் விடுவது மாதிரி. கூகுள் அனுப்புகிறது. கிளவுட்ஃபிளேர் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி அனுப்புவதில்லை. குவாட்9-இன் வழக்கமான 9.9.9.9-உம் அனுப்புவதில்லை.

அத்தான் பார்க்கும் கிரிக்கெட் ஆப்பின் வீடியோ சர்வர் பெயரை எடுத்து ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். இசிஎஸ் அனுப்பாத இருவர் வழியாகக் கிடைத்த முகவரிகள் ஆபரேட்டரின் வலைக்கு வெளியே இருந்தன, ஒன்று 12 மில்லிநொடி, மற்றொன்று 35. கூகுள் வழியாகக் கிடைத்த முகவரி ஆபரேட்டரின் வலைக்குள்ளேயே இருந்தது. 4 மில்லிநொடி. சாதாரண நாளில் இதை யாரும் உணர மாட்டார்கள். இந்தியா விளையாடும் நாளில், ஊரே ஒரே நேரத்தில் பார்க்கும்போது, ஆபரேட்டரின் வெளிக்குழாய் நிரம்பிவிடும். உள்ளே இருக்கும் நகலுக்கு அந்தக் கவலை இல்லை.

தீம்பொருள் தடுப்பும் வேண்டும், இசிஎஸ்ஸும் வேண்டும். கூகுளில் முதலாவது இல்லை, 1.1.1.2-இல் இரண்டாவது இல்லை. குவாட்9-இல் அதிகம் பேசப்படாத மூன்றாவது முகவரி ஒன்று இருக்கிறது: 9.9.9.11. தடுப்பும் உண்டு, இசிஎஸ்ஸும் அனுப்பும், பதில் போலியில்லை என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பும் உண்டு. துணை முகவரி 149.112.112.11. நேரலைப் பெயரைக் கேட்டேன், அதே 4 மில்லிநொடி நகலைக் கொடுத்தது. அதையே எழுதிவிட்டேன். அந்தரங்கம் போகாதா என்றால், கொஞ்சம் போகும். ஆனால் இந்த வீட்டுக்குத் தனி ஐபி கிடையாது. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைத்து வைத்திருக்கிறார் ஆபரேட்டர். அந்தக் கூட்டத்தில் தெருப் பெயரைச் சொன்னால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. சிக்கன வேலையிலும் ஒரு நன்மை. எப்படியும், எந்த முகவரிக்குப் போகிறோம் என்பதை ஆபரேட்டர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். டிஎன்எஸ்ஸை மூடினால் அது மறைந்துவிடாது.

இரண்டாவதாக வேறொரு நிறுவனத்தையும் சேர்த்து வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2025 ஜூலையில் 1.1.1.1 சேவை ஓர் அமைப்புப் பிழையால் 62 நிமிடம் உலகெங்கும் நின்றது. நம் நேரப்படி 15-ஆம் தேதி அதிகாலை 3.22 முதல் 4.24 வரை. துணை முகவரியான 1.0.0.1-ஐ வைத்திருந்தவர்களுக்கும் அன்று பயனில்லை. அப்படியும் நான் கலக்கவில்லை. முதல், இரண்டாவது என்று நாம் எழுதுவதைச் சாதனங்கள் வரிசையாக மதிப்பதில்லை. தடுக்கும் ஒன்றையும் தடுக்காத ஒன்றையும் சேர்த்து வைத்தால் பாட்டி தட்டும் லிங்க் பாதி நாள் தடைபடும், பாதி நாள் திறக்கும். வருடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் மொபைல் டேட்டாவில் பார்த்துக்கொள்ளட்டும்.

டிவி பெட்டி ஒத்துழைக்கவில்லை. ரவுட்டர் என்ன சொன்னாலும் கேட்காமல், தனக்குள் எழுதி வைத்திருந்த 8.8.8.8-இடமே 53-ஆம் போர்ட்டில் போனது. அதாவது ஆபரேட்டரிடமே. கடைசியில் ரவுட்டரில் ஒரு ஃபயர்வால் விதி எழுதினேன்: வீட்டுக்குள்ளிருந்து 53-ஆம் போர்ட்டுக்குப் போகும் எந்தக் கேள்வியையும், எந்த முகவரிக்குப் போனாலும், மடக்கி ரவுட்டரிடமே கொடு. எழுதி முடித்துவிட்டு 192.0.2.1-ஐக் கேட்டுப் பார்த்தேன். பதில் வந்தது, முன்பைவிட வேகமாக, 1 மில்லிநொடிக்கும் குறைவாக. “இப்ப யாரு மாமா சொல்றது?” என்றான் மருமகன். நான்தான்.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இந்த இணைப்பில் இல்லை, ஒரு வேலை மிச்சம். இருந்திருந்தால் அதன் வழியாக வேறொரு டிஎன்எஸ் முகவரி சாதனங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பழைய ஐபிவி4-ஐ மட்டும் மாற்றிவிட்டு ஐபிவி6-ஐ மறந்தவர்கள் நிறைய. மறுநாள் அத்தான், “மாப்ளே, நெட்டுக்குப் பணம் கட்டுற பக்கம் மட்டும் வரலையே” என்றார். ஆபரேட்டரின் கட்டணப் பக்கம் அவருடைய டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரிந்த பெயர். அந்த ஒரு பெயரை மட்டும் பழைய வழியிலேயே கேட்கும்படி ரவுட்டரில் விதிவிலக்கு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

ஐந்து மாதம் போன் வரவில்லை. ஏப்ரலில் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை. அதுவரை இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ரவுட்டர் அணைந்ததே இல்லை. அன்று வெயிலுக்கு எல்லா மின்விசிறியும் ஓடி மூன்று மணிக்கே இன்வெர்ட்டர் உட்கார்ந்துவிட்டது. ஐந்துக்குக் கரண்ட் வந்தது, வைஃபை வந்தது, நெட் வரவில்லை. மருமகனிடம் 8.8.8.8-க்குப் பிங் (அந்த முகவரி எட்டுகிறதா என்ற சோதனை) போட்டுப் பார்க்கச் சொன்னேன். போகிறது. பெயரைக் கேட்டால் மட்டும் பதில் இல்லை. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து எழுதியிருப்பதை எல்லாம் வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

“மாமா, இதுல தேதி நவம்பர்னு காட்டுது.”

அந்தப் பழைய ரவுட்டருக்குக் கடிகார பேட்டரி கிடையாது. அணைந்து எழுந்தால், கடைசியாக அதில் அமைப்புகளை மாற்றிய நாளையே இன்று என்று நினைத்துக்கொள்ளும். பிறகு நெட்டில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நேரம் சொல்லும் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். பேசுவது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் டிஎன்எஸ் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க நேரம் வேண்டும். இடையில் அந்தச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நவம்பரில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், ஏற்காது. இதைப் பற்றி அமைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். மின்தடை உள்ள ஊருக்கு அமைக்கிறோம் என்பதை மறந்தது என் தவறுதான்.

சிஸ்டம் பக்கத்தில், பிரவுசரின் நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தச் சொன்னேன். அரை நிமிடத்தில் வாட்ஸ்ஆப் மணிகள் வரிசையாக அடிப்பது போனிலேயே கேட்டது. அப்புறம் அவனையே விதிவிலக்குப் பட்டியலைத் திறக்க வைத்து, ஆபரேட்டரின் கட்டணப் பக்கத்துக்குக் கீழே நேர சர்வரின் பெயரையும் எழுதச் சொன்னேன். அந்த இரண்டு பெயருக்கு மட்டும் இன்றும் ஆபரேட்டரின் சர்வர்தான் பதில் சொல்கிறது.